பெயரிலிருந்து படம், படத்திலிருந்து பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் கரிம வேதியியல் படித்தவர்களுக்கு ஐயுபிஏசி என்ற சர்வதேச வேதியியல் அமைப்பின் பெயரிடும் விதிகள் நினைவிருக்கும். நீளமான கார்பன் சங்கிலியைக் கண்டுபிடி, கிளைக்குச் சின்ன எண் வருகிற மாதிரி எண்ணு என்று போகும். அந்த வேலையை இப்போது மென்பொருள் செய்கிறது. பெயரைத் தட்டினால் மூலக்கூறின் படம் வரும். படத்தை வரைந்தால் பெயர் வரும்.

இரண்டும் ஒரே அளவு கடினம் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆப்சின் என்ற இலவச மென்பொருள் பெயரைப் படமாக்கும். அதில் '2-எத்தில்புரோப்பேன்' என்று ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். தேர்வில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும். ஆப்சின் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. புரோப்பேனா, மூன்று கார்பன்; நடுக் கார்பனில் ஓர் எத்தில்; சரி, வரைந்தாயிற்று. அதே படத்தைக் கெம்டிரா என்ற வரைபட மென்பொருளிடம் கொடுத்துப் பெயர் கேட்டால் '2-மெத்தில்பியூட்டேன்' என்று சொல்லும். அந்த மூலக்கூறின் நீளமான சங்கிலியில் இருப்பது நான்கு கார்பன். தப்பான பெயரிலிருந்தும் படம் வரைந்துவிடலாம். படத்துக்குச் சரியான பெயர் வைக்கத்தான் விதி அத்தனையும் தெரிய வேண்டும்.

இன்னொரு வம்பு, இடைவெளி. பீனைல், அசிட்டேட் இரண்டையும் ஆங்கிலத்தில் பிரித்து எழுதினால் அது ஓர் எஸ்டர். சேர்த்து எழுதினால் பீனைல்அசிட்டிக் அமிலத்தின் அயனி. வானொலியில் நான் எப்படி உச்சரித்தாலும் உங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பிடிஎஃபிலிருந்து நகலெடுக்கும்போது நடுவில் ஓர் இடைவெளி நுழைந்தால், மென்பொருள் ஒரு பேச்சும் பேசாமல் வேறொரு பொருளை வரைந்து வைத்துவிடும்.

2021இல் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூலக்கூறுக்குப் பெயர் சொல்லும் ஸ்டவுட் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். அதற்கு விதிகள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடிக்கணக்கான மூலக்கூறுகளையும் பெயர்களையும் காட்டி, மொழிபெயர்ப்பு மாதிரி பழக்கினார்கள். விதிப்படி ஓடும் மென்பொருள் புரியாவிட்டால் புரியவில்லை என்று நின்றுவிடும். இது நிற்காது, ஏதாவது ஒரு பெயரைச் சரளமாகச் சொல்லும். அதனால் அவர்களே அந்தப் பெயர்களை ஆப்சினில் போட்டு, பழைய மூலக்கூறு திரும்பி வருகிறதா என்று சரிபார்த்தார்கள்.

ஆய்வு மாணவர்கள் எந்த மென்பொருளுக்கும் இந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனையைச் செய்யலாம். கண்ணால் ஒப்பிடாமல், முதலில் கொடுத்த மூலக்கூறு, திரும்பி வந்த மூலக்கூறு இரண்டின் இன்ச்சி குறியீட்டை, அதாவது மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளாகச் சொல்லும் அடையாளத்தை, ஒப்பிடுங்கள். ஆனால் முதலிலேயே விடுபட்டதை இந்தச் சோதனை பிடிக்காது. இபுபுரூஃபன் என்ற வலி மருந்தின் மூலக்கூறுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்கள் உண்டு; வலியைக் குறைப்பது முக்கியமாக எஸ் எனப்படும் வடிவம். படம் வரையும்போதே அந்த முப்பரிமாணக் குறியை விட்டுவிட்டால் பெயரிலும் எஸ் வராது; திரும்பிப் போனாலும் எல்லாம் அழகாகப் பொருந்தும்.