வெண்கலத்துக்கு எவ்வளவு வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த 2026-ஆம் ஆண்டு பதக்கக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஓய்வே இல்லாத ஆண்டு. ஜூலை 23-இல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி. செப்டம்பர் 19-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு. அது முடிந்த கையோடு அக்டோபர் 18-இல் அங்கேயே மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய பாரா விளையாட்டு. சேலம் காந்தி மைதானத்தில் காலை நடை முடித்து உட்காருகிறவர்களிடமும், ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் ஒரே பேச்சுதான். இந்தத் தடவை எத்தனை பதக்கம்? யார் யாருக்கு?

இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்தமானது. விளையாட்டை உன்னிப்பாகப் பார்க்கிறவர்தான் இப்படி வாதாடுவார். ஆனால் வாதம் போகப் போக எல்லாரும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: "நம்ம ஆள் அதிகபட்சம் எவ்வளவு தாண்டுவார், எவ்வளவு வீசுவார்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்றாம் இடத்துக்கு எவ்வளவு தேவைப்படும்?

நம் மாவட்டத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, பாரா உயரம் தாண்டுதலில். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். இதைப் பார்த்துவிட்டு, தங்கம் வெள்ளியாகி, வெள்ளி வெண்கலமாகிவிட்டது, ஆள் இறங்கிக்கொண்டே வருகிறார் என்று பேசுகிறவர்கள் உண்டு. அளவைப் பாருங்கள். எட்டு ஆண்டுகளில் இறங்கியது நான்கே சென்டிமீட்டர். நடுவில் 2024 கோபே உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கமும் வாங்கியிருக்கிறார். பதக்கத்தின் நிறத்தை மாற்றியது எதிராளிகள். பாரிஸில் அமெரிக்காவின் எஸ்ரா பிரெக் 1.94 தாண்டினார், நம் நாட்டு சரத் குமார் 1.88 தாண்டினார்.

இப்போது வெண்கலத்தின் அளவுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ரியோவில் 1.86. டோக்கியோவில் 1.83. பாரிஸில் 1.85. 2025 டெல்லி உலகப் போட்டியிலும் 1.85. தங்கம் 1.88-க்கும் 1.94-க்கும் இடையில் ஆடுகிறது. வெண்கலமோ மூன்று சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. முதலிடத்தை ஒரே ஒரு அசாத்தியமான ஆள் தூக்கிவிட முடியும். மூன்றாம் இடத்தைத் தூக்க மூன்று பேர் ஒரே நாளில் அசத்த வேண்டும். அதனால் தங்கத்தைக் கணிப்பதைவிட, பதக்கம் உண்டா இல்லையா என்று கணிப்பது எளிது. தொடக்கக்காரர்கள் அங்கிருந்தே தொடங்கட்டும்.

செய்யும் முறை இதுதான். ஒரு நோட்டில் அந்தப் போட்டியின் கடைசி மூன்று பதிப்புகளின் வெண்கல அளவை எழுதுங்கள். பக்கத்தில் நம் வீரர் இந்த ஆண்டு கடைசியாக ஆடிய ஆறு போட்டிகளின் அளவுகளை எழுதி, அதில் மிக நல்லதையும் மிக மோசமானதையும் அடித்துவிடுங்கள். மீதமுள்ள நான்கில் எத்தனை வெண்கல அளவைத் தொடுகின்றன? அதுதான் உங்கள் முதல் எண். இதே கணக்கை எதிராளிகளில் முதல் எட்டுப் பேருக்கும் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் சோம்பல்படுகிறார்கள்.

வாழ்நாள் சிறந்த அளவை ஏன் நம்பக்கூடாது? நம் தமிழ்நாட்டு வீரர்களே சாட்சி. நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டினார், தேசிய சாதனை. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் 8.10-க்கே கிடைத்தது, அவருக்குப் பதக்கம் இல்லை. மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்ரவேல் அந்த ஆண்டு மே மாதம் ஹவானாவில் 17.37. ஹாங்சோவில் தாண்டியது 16.68, கிட்டத்தட்ட எழுபது சென்டிமீட்டர் குறைவு. ஆனாலும் வெண்கலம் வந்தது. இரண்டு பேருமே தங்கள் சிறந்த அளவுக்குக் கீழேதான் தாண்டினார்கள். ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. வாழ்நாள் சிறந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

ஈட்டி எறிதலில் இன்னும் பெரிய பாடம். நீரஜ் சோப்ரா 2025 மே மாதம் தோஹாவில் 90.23 மீட்டர் வீசினார். நாலு மாதம் கழித்து டோக்கியோ உலகப் போட்டியில் 84.03, எட்டாம் இடம். போட்டிக்குச் சில நாள் முன்னால் முதுகில் பிரச்சினை. அதே இறுதிச் சுற்றில் யாருடைய பட்டியலிலும் அதிகம் இடம்பெறாத சச்சின் யாதவ் 86.27 வீசி நான்காவது வந்தார். வெண்கலம் 86.67. நாற்பது சென்டிமீட்டரில் போனது. கடைசி இரண்டு வாரச் செய்தியை விடாமல் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அளவுகளைப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளையும் பாருங்கள். 200 மீட்டர் வரையிலான ஓட்டத்திலும் நீளம், மும்முறை தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த அளவு சாதனைக் கணக்கில் சேராது. பக்கத்தில் 'டபிள்யூ' போட்டிருப்பார்கள். 'ஏ' என்று இருந்தால், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலான இடத்தில் எடுத்த அளவு. நம் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு செயற்கை ஓடுதளம் இருந்து, அதில் ஒருவர் நூறு மீட்டர் ஓடினால் அவருக்கும் இந்த 'ஏ' விழும். காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால் குறுகிய ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் லாபம். ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவருக்கு ஆக்சிஜன் போதாமல் நஷ்டம். மலையில் எடுத்த நேரத்தை அப்படியே நகோயாவுக்குக் கொண்டுபோகக்கூடாது.

அடுத்து, எந்தெந்த விளையாட்டுகள் நடக்கின்றன என்ற பட்டியல். மொத்த எண்ணிக்கை சொல்கிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இதில்தான். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நமக்கு 61 பதக்கம். "இந்தத் தடவை 65" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கிளாஸ்கோவில் பத்தே விளையாட்டுகள். மல்யுத்தம் இல்லை, பர்மிங்ஹாமில் அதில் 12 வாங்கினோம். டேபிள் டென்னிஸ் 7, பேட்மின்டன் 6, ஹாக்கி 2, ஸ்குவாஷ் 2, கிரிக்கெட் 1, இவையும் இல்லை. கூட்டிப் பாருங்கள், 30. அறுபத்தொன்றில் முப்பது, ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டது. கிளாஸ்கோவில் நம் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் வீரர்களைத் திட்டுகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

ஆசியப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் இடையிலான வித்தியாசத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது. ஹாங்சோவில் 28 தங்கத்தோடு 107 பதக்கம். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். ஹாங்சோ தங்கங்களில் காம்பவுண்ட் வில்லில் (கப்பி பொருத்திய வில்) 5, கபடியில் 2, கிரிக்கெட்டில் 2, ஸ்குவாஷில் 2. இந்தப் பதினொன்றும் பாரிஸில் நடக்காத போட்டிகள்.

பதக்கம் கொடுக்கும் விதியும் இடத்துக்கு இடம் மாறும். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். ஆசியப் போட்டியில் பேட்மின்டனிலும் அப்படியே. ஹாங்சோவில் பிரணாய் அரையிறுதியில் தோற்றும் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பேட்மின்டனில் மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் உண்டு. பாரிஸில் லக்ஷ்யா சென் அதில் தோற்று வெறுங்கையோடு வந்தார். ஆகவே பேட்மின்டனில் ஆசியப் போட்டிக்குக் கால் இறுதியில் யார் எதிரில் வருகிறார் என்று பார்த்தால் போதும். ஆசியப் போட்டியின் தடகளத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு நிகழ்வில் இரண்டு பேர்தான். ஆசியத் தரவரிசையில் நம் ஆள் ஏழாவது என்றால், அவருக்கு மேலே சீனர்கள் மூன்று பேர் இருந்தால் ஒருவரை அடித்துவிடுங்கள். ஏழு ஆறாகிவிடும்.

உயரம் தாண்டுதல், போல் வால்ட் இரண்டிலும் இன்னொரு நுணுக்கம். இருவர் ஒரே உயரத்தில் நின்றால் என்ன? ரியோவில் மாரியப்பனுக்குப் பின்னால் அமெரிக்காவின் சாம் க்ரூவும் நம் வருண் சிங் பாட்டியும் இருவருமே 1.86 தாண்டினார்கள்; க்ரூவுக்கு வெள்ளி, பாட்டிக்கு வெண்கலம். முதலில், கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறுகள் குறைவு என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால், அந்த உயரம் வரைக்கும் மொத்தத் தவறுகளை எண்ணுவார்கள். பலகையில் வட்டம் என்றால் தாண்டினார், பெருக்கல் குறி என்றால் கம்பி விழுந்தது, கோடு என்றால் அந்த உயரத்தை விட்டுவிட்டார். ஒருவர் 1.80-ஐ முதல் தடவையும் 1.83-ஐ இரண்டாம் தடவையும் 1.86-ஐ முதல் தடவையும் தாண்டினால் மொத்தம் ஒரு தவறு. இன்னொருவர் 1.80-ஐ மூன்றாம் தடவை தாண்டி, மற்ற இரண்டையும் முதல் தடவையே தாண்டினால் இரண்டு தவறு. அவர் பின்னால் போய்விடுவார். கீழ் உயரங்களைச் சுத்தமாகத் தாண்டும் பழக்கமுள்ளவருக்கு என் நோட்டில் எப்போதும் ஐந்து புள்ளி கூடுதல் உண்டு.

இனி எண்ணுக்கு வருவோம். "கண்டிப்பாக உண்டு", "சான்ஸே இல்லை" என்று பேசுவதை விட்டு, நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். நீங்கள் பத்து வீரர்களுக்குத் தலா 80 போட்டால், பத்துப் பேரும் பதக்கம் வாங்க எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 11-தான். பத்துப் பேருக்குத் தலா 40 போட்டால் எதிர்பார்க்க வேண்டியது நான்கு பதக்கம். ஆனால் இரண்டிலிருந்து ஆறு வரை எது வந்தாலும் உங்கள் கணிப்பு சரிதான், பத்தில் ஒன்பது தடவை அந்த வரம்புக்குள் வரும். இரண்டு வந்தவுடன் "படுதோல்வி" என்று கூச்சல் போடுவது இந்தக் கணக்கு தெரியாததால். பாரிஸ் பளுதூக்குதலில் மீராபாய் சானு தூக்கியது 199 கிலோ. வெண்கலம் 200 கிலோ. அவருக்கு 55 எழுதியிருந்தவர் தப்பாக ஒன்றும் எழுதவில்லை.

யாருடைய எண்ணும் 95-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். பாரிஸ் மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் இறுதிக்குப் போயும், நூறு கிராம் எடை கூடியதால் பதக்கம் இழந்தார். டோக்கியோ பாராலிம்பிக்கில் வினோத் குமார் வட்டு எறிதலில் வெண்கலம் வென்ற பிறகு, அவருடைய உடல்குறைப் பிரிவு செல்லாது என்று பதக்கம் பறிபோனது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் கலப்பு நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் நமக்கு வெள்ளி. பஹ்ரைன் வீராங்கனை ஊக்கமருந்தில் சிக்கியதால் பின்னாளில் அது தங்கமாயிற்று. அந்த அணியில் நம் லால்குடி ஆரோக்கிய ராஜீவ் ஓடினார். பந்தயம் பேசும் நண்பர்கள், நிறைவு விழா நாளன்று உள்ள பட்டியல்தான் கணக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

யார் கணிப்பு சிறந்தது என்று தீர்க்கவும் வழி இருக்கிறது. நீங்கள் எழுதியதை நூறால் வகுங்கள். பதக்கம் வந்தால் 1, வராவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதனாலேயே பெருக்குங்கள். 90 எழுதி வராமல் போனால் 0.81 தண்டனை. 60 எழுதி வராமல் போனால் 0.36. எல்லாருக்கும் 50 என்று எழுதி ஒதுங்குகிறவருக்கு எப்போதும் 0.25. எல்லா நிகழ்வுகளையும் கூட்டி, குறைவாக வைத்திருப்பவர் ஜெயித்தார். ஐந்து ரோட்டு டீக்கடையில் சத்தமாகப் பேசுகிறவரும் பேசாமல் கேட்கிறவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். ஆனால் எண்களைப் போட்டிக்கு முந்தைய இரவே எழுதிப் பூட்ட வேண்டும்.

கடைசியாக அக்டோபருக்கு வருகிறேன். ஆசிய பாரா விளையாட்டில் மாரியப்பனின் பிரிவு நடந்து, அவர் பெயரும் பட்டியலில் இருந்தால், 1.85 என்ற வெண்கல அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெக், க்ரூ இருவரும் அமெரிக்கர்கள், ஆசியாவில் கிடையாது. ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் சைலேஷ் குமார் 1.82 தாண்டித் தங்கம், மாரியப்பன் 1.80 தாண்டி வெள்ளி. இன்னொரு இந்தியர் 1.78 தாண்டி மூன்றாவது வந்தார், ஆனால் அவருக்கு வெண்கலம் இல்லை. களத்தில் இருந்ததே மூன்று பேர். மூன்று பதக்கமும் தர வேண்டுமானால் குறைந்தது நான்கு பேர் இறங்க வேண்டும் என்பது அங்கே விதி. அதற்குப் பிறகு சைலேஷ் டெல்லி உலகப் போட்டியில் 1.91 தாண்டித் தங்கம் வாங்கிவிட்டார். தங்கத்துக்கு அவர்தான் முதல் பெயர். ஆகவே ஸ்டார்ட் லிஸ்ட், அதாவது களமிறங்குவோர் பட்டியல், வந்ததும் பெயர்களைப் படிக்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் மாரியப்பனின் பதக்கத்துக்கு நான் 75 எழுதுவேன். மூன்றே பேர் என்றால் 60.

வணக்கம்.