ஒரு மாரிமழை பார்த்து வாங்குங்கள்

நடுவர் ஐயா அவர்களே, சபையோரே, வணக்கம்.

வீட்டு விலை ஏறாமல் நிற்கிற இந்த நேரத்தில் உடனே வாங்குவதா, பொறுத்து வாங்குவதா என்பது வழக்கு. முன்னால் பேசிய தம்பி, "வட்டி இறங்கிக் கிடக்குது, விற்கிறவரும் இறங்கி வாறார், இப்பவே அட்வான்சைக் கொடு" என்று ஒரே பிடியாய் நின்றார். தம்பி இன்னும் பெண்ணைப் பெற்றவர் இல்லை, அதுதான் இந்தத் துணிச்சல்.

எங்கள் மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருகிறவர். நாங்களோ கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகுதான் வீடு தேடவே புறப்படுகிறோம். புரோக்கர் முதலில் கேட்பது எத்தனை பேர்ச் காணி வேண்டும் என்றல்ல, "கலியாணம் எப்ப?" என்றுதான். தையில் என்று வாய்விட்டால் முடிந்தது. ஊரெல்லாம் விலை படுத்துக் கிடந்தாலும் நமக்கு மட்டும் எழும்பி நிற்கும்.

என் அக்கா மகளுக்கு அப்படித்தான் ஆவணியில் வாங்கினோம். வாவிப் பக்கம், பத்துப் பேர்ச் வளவு, புதுப் பெயின்ற் மணக்கிற கல்வீடு. கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. குசினிக்குள் முழங்கால் தண்ணீர். வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீர் வடியுமட்டும் அரிசி மூட்டையும் அடுப்பும் கட்டிலுக்கு மேலே. தண்ணீர் போன பிறகு சுவரில் பெயின்ற் உரிந்தது. உள்ளே பழுப்பாய் ஒரு கோடு, அதற்கு ஒரு சாண் மேலே இன்னுமொரு பழைய கோடு! விற்றவருக்கு அது தெரியும், பக்கத்து வளவுக்காரருக்கும் தெரியும். நாங்கள்தான் கேட்கவில்லை, கூறை எடுக்க ஓடிக்கொண்டிருந்தோம்.

சரி, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாமா? 80 இலட்சத்துக்கு ஒரு வீடு என்று வையுங்கள். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் முத்திரைத் தீர்வை. 3 இலட்சத்து 19 ஆயிரம் அங்கேயே போய்விட்டது. உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கூலி வேறு.

தம்பி வட்டியைச் சொன்னார். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில், மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியதை மறந்துவிட்டாரா? மாறுகிற வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்களைக் கேளுங்கள், மாதத் தவணை எப்படி வீங்கியது என்று. இருபது வருடக் கடனுக்கு இன்றைய வட்டி முதல் படிதான். வட்டி குறைந்த நாளில் வாங்கினோம் என்று சந்தோசப்படுவது, வெயிலில் வாங்கின வீட்டைப் பார்த்து நாங்கள் சந்தோசப்பட்ட மாதிரி.

பொறுங்கள் என்றால் விலை இன்னும் விழும் என்று குந்தியிருக்கச் சொல்லவில்லை. அது சூதாட்டம், எனக்கு உடன்பாடில்லை. கையில் இருக்கிற நாளைப் பயன்படுத்துங்கள் என்கிறேன். சொந்த உறுதி உள்ள காணியா, அரசாங்கம் பெமிற்றில் கொடுத்த காணியா என்று காணிப் பதிவகத்தில் ஏடு புரட்டிப் பாருங்கள். பெமிற் என்றால் அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ஆவணி வெயிலில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பாருங்கள், உவரா நல்ல தண்ணியா என்று நாக்கு சொல்லும். மறுகா மழை தொடங்கினதும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த ஒழுங்கைக்குள் ஒருக்கா நடந்து பாருங்கள்.

விலை பறக்கிற காலத்தில் இதற்கெல்லாம் எவனும் விடமாட்டான். நாம் கிணறு பார்க்கிற நேரத்தில் அடுத்தவன் உறுதி எழுதிவிடுவான். இப்போது அப்படியா? தம்பியே தன் வாயால் சொன்னார், தான் வாங்கச் சொல்கிற வளவுக்கு ஆறு மாதமாய் ஆள் வரவில்லை என்று. இன்றைக்கு ஆவணி. கார்த்திகைக்கு மூன்று மாதம். அதற்குள் அதை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? அடுத்துப் பேச வாற தங்கச்சி அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் ஐயா.