பயந்தவர்களைப் பேயாக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தறியை நிறுத்திவிட்டு இந்த நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் சென்னிமலைப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மூடிக் கிடக்கும் மாற்றுத்திறனாளிகள் காப்பகங்களில் பேய்ச் சுற்றுலா நடத்துவது அந்த இடத்தின் வரலாற்றைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பது இன்றைய தலைப்பு. கெடுக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். "அமெரிக்காவில் நடப்பதற்கு நம்மூரில் எதற்கம்மா பட்டிமன்றம்?" என்று மேடை ஏறும்போது ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லும்போது எதற்கென்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் பென்ஹர்ஸ்ட் என்று ஓர் இடம். 1908இல் திறந்தார்கள். மந்தபுத்திக்காரர்களுக்கும் வலிப்புக்காரர்களுக்குமான அரசு நிலையம் என்பது அன்றைக்கு அதன் பெயர். பிற்பாடு அரசுப் பள்ளி, மருத்துவமனை என்று மாற்றினார்கள். பள்ளி என்றால் படித்து முடித்து வெளியே வரவேண்டும் அல்லவா? அங்கே குழந்தையாக நுழைந்த பலர் அங்கேயே தலை நரைத்தார்கள். 1968இல் பில் பால்டினி என்ற இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேமராவோடு உள்ளே போனார். கம்பித் தொட்டில்களில் கிடந்த பிள்ளைகளையும் கட்டிலோடு கட்டப்பட்டவர்களையும் அந்த ஊர் மக்கள் முதல்முறையாகத் தங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்து பார்த்தார்கள். அங்கே வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் கேமரா முன்னாலேயே ஒன்று சொன்னார். இன்னொருவரை அடித்த ஒரு பையனைத் தண்டிக்க வேண்டியிருந்ததாம். நிரந்தரமாகக் கேடு வராமல் மிக அதிகமாக வலிக்கக்கூடிய ஊசி எது என்று விசாரித்து, அதைப் போட்டாராம்.

1974இல் வழக்குப் போட்டார்கள். 1977இல் நீதிபதி ரேமண்ட் பிராடரிக், அங்கிருப்பவர்களின் அரசியல் சட்ட உரிமைகள் பறிக்கப்பட்டிருக்கின்றன என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று இழுத்து, 1987இல்தான் அந்த இடம் மூடப்பட்டது. 2010இல் அதே வளாகத்தில் 'பென்ஹர்ஸ்ட் அசைலம்' என்று பலகை மாட்டிப் பேய் வீடு திறந்தார்கள். காசு கொடுத்து வருகிறவர்களை, நடிகர்கள் வேடம் போட்டுப் பயமுறுத்தும் கேளிக்கை அது. அசைலம் என்றால் பைத்தியக்கார விடுதி. அந்த இடம் இயங்கிய காலத்தில் அதற்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே இல்லை. டிக்கெட்டுக்காக வைத்த பெயர் அது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், நடுவர் அவர்களே. அந்தக் கட்டடத்தில் பயந்து நடுங்கியவர்கள் யார்? உள்ளே அடைபட்டிருந்தவர்கள். சாவிக்குப் பயந்தார்கள், ஊசிக்குப் பயந்தார்கள், இருட்டினால் யார் வருவார்களோ என்று பயந்தார்கள். பேய்ச் சுற்றுலா அதை அப்படியே தலைகீழாகத் திருப்புகிறது. பயந்தவரைப் பயமுறுத்துகிறவராக மாற்றி நிறுத்துகிறது. டிக்கெட் வாங்கி வந்தவர், பாவம், ஓடித் தப்பிக்கிறார். இது வரலாற்றைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்வது ஆகாது. குற்றவாளிக் கூண்டில் ஆளை மாற்றி ஏற்றுவது.

எனக்கு முன்னால் பேசிய தம்பி பணத்தைப் பற்றிப் பேசினார். மேற்கு வர்ஜீனியாவில் வெஸ்டன் நகரத்து மனநல மருத்துவமனை 1994இல் மூடப்பட்டுப் பாழாய்க் கிடந்தது, 2007இல் ஏலத்தில் எடுத்தவர் பேய்ச் சுற்றுலா நடத்தியதால்தான் அந்தக் கற்கட்டடம் இன்றும் நிற்கிறது என்றார். உண்மை. கூரை ஒழுகினால் காசு வேண்டும், அதை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். ஆனால் தம்பி, 250 பேருக்குக் கட்டிய அந்தக் கட்டடத்தில் 1950களில் 2,400 பேர் இருந்தார்கள். அங்கே நமக்குச் சொல்லியாக வேண்டிய கதை அதுதான். ஏன் அத்தனை பேர்? ஊரில் அவர்களுக்குப் பள்ளி இல்லை, வீட்டுக்கு உதவி இல்லை, கொண்டுபோய் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று படித்தவர்களே பெற்றோருக்குச் சொன்ன காலம். நடுராத்திரியில் டார்ச்சோடு சுற்றிவிட்டு வருகிறவரிடம் இதில் ஒரு வரி கேட்டுப் பாருங்கள். மூன்றாம் மாடியில் ஏதோ சத்தம் கேட்டது என்பார். சுவரைக் காப்பாற்றினோம், சரி. சுவருக்குள் நடந்ததை எங்கே விட்டோம்?

பென்ஹர்ஸ்டில் பகலில் வரலாற்றுச் சுற்றுலாவும் நடக்கிறதே என்று அதே தம்பி கேட்டார். நடக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் பகலில் "இவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்" என்று சொன்ன இடத்தில், இருட்டியதும் "இவர்களிடமிருந்து ஓடுங்கள்" என்று கத்தினால், வீட்டுக்குப் போகிற பிள்ளையின் மனதில் எது தங்கும்?

செத்தவர்களுக்கு வலிக்காது என்று இன்னொருவர் சொன்னார். 1987 என்பது அப்படி ஒன்றும் பழங்காலம் இல்லை. அன்றைக்கு இருபது வயதில் அங்கிருந்து வெளியே வந்தவர்கள் நம் வயதுக்காரர்கள். 12 வயதில் அங்கே சேர்க்கப்பட்டு 13 ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த ரோலண்ட் ஜான்சன், பிற்பாடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக மேடை மேடையாகப் பேசினார். அவர் இன்று இல்லை, ஆனால் அவரைப் போல வெளியே வந்த மற்றவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் வாழ்ந்த அறையில் ஆவி பேசுகிறதா என்று கருவியை நீட்டிப் பார்ப்பது என்ன நியாயம்? அதோடு, அந்தப் பேய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கோணிய கை, இழுத்து நடக்கும் கால், வாயில் ஒழுகும் எச்சில், குழறும் பேச்சு. பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு பஸ் ஏறும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவர்களை அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஒருவரின் முகத்துக்கு நேரே செய்தால் குற்றம். அவருடைய நடையை வேடமாகப் போட்டுக் காட்டினால் கேளிக்கையா?

அடுத்து வந்த அண்ணன் கெட்டிக்காரத்தனமான ஒரு கேள்வி போட்டார், கைதட்டலும் வாங்கினார். கொங்கு நாட்டில் அண்ணமார் சாமி நோன்பில் படுகளம் விழுகிறார்களே, அதுவும் செத்தவர்களை நடித்துக் காட்டுவதுதானே என்றார். அண்ணா, நானும் உடுக்கைச் சத்தத்தில் விடிய விடிய உட்கார்ந்து படுகளம் பார்த்தவள்தான். விழுகிறவர் யார்? நம் வீட்டுப் பிள்ளை, விரதம் இருந்த பிள்ளை. விழுந்ததும் கூட்டம் ஓடுகிறதா? சுற்றி நின்று அழுகிறது. அண்ணமாரின் தங்கை தங்காள் அழுது எழுப்புவதுபோலத் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புகிறார்கள். படுகளத்தில் செத்தவர் நம்மவர் ஆகிறார். பேய் வீட்டில் செத்தவர் அந்நியர் ஆகிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், அண்ணா.

இங்கிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் அங்கே கிடக்கின்றன. செத்தவரோடு சூதுபவள மணிகளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த மண்ணில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், சுமணன் என்று மனிதர்களின் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். சோறு தின்கிற சட்டியில்கூடத் தன் பெயர் இருக்கவேண்டும் என்று நினைத்த ஊர் இது. இப்போது கனடாவுக்கு வாருங்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரில்லியா என்ற ஊரில் ஹுரோனியா காப்பகம் 1876 முதல் 2009 வரை இயங்கியது. அதன் இடுகாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். பலருடைய குழியின் மேல் இருந்தது வெறும் எண். பெயர் இல்லை. அங்கிருந்து உயிரோடு வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் 35 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு அரசு ஒப்புக்கொண்டது. மாகாணத்தின் முதல்வர் சட்டமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகும் அந்த மனிதர்கள் வீட்டில் உட்காரவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய பெயரைத் தேடிக்கொண்டு அந்த இடுகாட்டில் நிற்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்கள் முன்னே நடக்க, நாம் பின்னால் நடந்து, "இதுதான் என் கட்டில் இருந்த இடம்" என்று அவர்கள் சொல்லக் கேட்டு வருவதற்கு எவ்வளவு டிக்கெட் போட்டாலும் நான் வாங்குவேன். இடத்தைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. யார் கூட்டிப்போகிறார்கள், யாருடைய கதையாகச் சொல்கிறார்கள், வரும் காசு யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி. நம் பக்கத்திலேயே பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் ஒரு நடிகரை நிறுத்தி, சங்கிலியை இழுத்துக்கொண்டு நம் மீது பாயச் சொன்னால், எதிரணி நண்பர்களே, உங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? இதற்கு மட்டுமாவது கடைசிச் சுற்றில் பதில் சொல்லுங்கள்.

இப்போது என் அத்தை. அப்பாவின் மூத்த அக்கா. ஐந்து வயதுப் பிள்ளையின் அறிவோடு அறுபது வயதுவரை வாழ்ந்தவர். கைத்தறிக்குத் தார் சுற்றுவதில் எங்கள் தெருவில் அவருக்கு இணை கிடையாது. ராட்டை முன்னால் உட்கார்ந்தால் நூல் அறாது. வீட்டில் சிரமம் வந்தபோது, எல்லாரும் சொன்னார்கள் என்று, தூரத்து ஊரில் ஒரு காப்பகத்தில் எட்டு மாதம் விட்டுவைத்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. திரும்பி வந்தபோது தலை மொட்டை அடிக்கப்பட்டிருந்தது. சோற்றுத் தட்டைச் சுற்றி இடது கையை அணைபோல வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல அவசர அவசரமாகத் தின்றார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் போதும், இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். என் அப்பா ஒருநாள் காலையில் திருப்புளியை எடுத்து அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார். அன்றிலிருந்து ராத்திரி சேலைத் துணியால்தான் கதவைக் கட்டி வைப்போம்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். எட்டு வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேரை வீட்டுக்குப் பின்புறம் கூட்டிப்போய், ஜன்னல் வழியாக அத்தையைக் காட்டினேன். எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போனேன். ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நாலு முகங்களைப் பார்த்த அத்தை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நூல் மூட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டார். பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து தட்டு நடுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

பேய் வீடுகளில் வருகிறவர்களைத் திடுக்கிட வைக்க இரும்புக் கதவை ஓங்கிச் சாத்துகிறார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது, நடுவர் அவர்களே. அத்தை காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்துவிட்டோம். அந்தக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் அடைக்க வேண்டாம் என்று இரண்டு தடவையும் பெயிண்டரிடம் நான்தான் சொன்னேன்.

வணக்கம்.