எலும்புகளுக்கும் ஒரு வீடு

நண்பர்களே, பிரான்சின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது பிரிட்டானி. அங்கே பழைய தேவாலயத்தை ஒட்டிக் கல்லறைத் தோட்டமும், அதன் ஓரத்தில் கல்லால் கட்டிய எலும்பு மாடமும் இருக்கும். பார்த்ததும் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அது பாசத்தால் எழுந்த கட்டடம்.

பெற்றவர்களைப் புதைத்த தரைமேலேயே முழங்காலிட்டுச் செபம் சொல்ல வேண்டும் என்பது அந்த ஜனங்களின் ஆசை. 1719-ல் பிரிட்டானியின் உயர் நீதிமன்றம் தேவாலயத்துக்குள் புதைக்கத் தடை போட்டபோது அவர்கள் லேசில் அடங்கவில்லை. ஆனால் அந்தத் தடைக்கு வெகு முன்பிருந்தே இடம் வேண்டுமே! அதனால் புதைத்துச் சில வருஷம் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்து மாடத்தில் சேர்த்தார்கள்.

குடும்பத்தார் விரும்பினால் மண்டையோட்டுக்குத் தனியாக ஒரு சிறு மரப்பெட்டி. சரிந்த கூரையும் உச்சியில் சிலுவையுமாக அது குட்டி வீடு போலவே இருக்கும். முன்பக்கம் இதய வடிவத்தில் ஒரு துளை. உள்ளே இருப்பவர் அதன் வழியே தெரிவார். பெயரையும் இறந்த நாளையும் பெட்டிமேல் எழுதிவைப்பார்கள். சேன்-போல்-த-லெயோன் பேராலயத்தில் இந்தப் பெட்டிகளை இன்றும் வரிசையாகப் பார்க்கலாம். ஊரோடு ஊராகக் கலந்துபோன பிறகும் இன்னார் என்று சொல்ல ஒரு பெயர் மிஞ்சுகிறது பாருங்கள், அதைத்தான் பாசம் என்கிறேன்.

சரி, இவ்வளவு கல்வேலைக்குப் பணம் ஏது? பிரிட்டானியின் லெயோன் பகுதியில் ஆளிச்செடி பயிரிட்டு, லினன் துணி நெய்து, இங்கிலாந்து வரை விற்றார்கள். அந்தக் காசில் ஊருக்கு ஊர் போட்டி. சீசுன் மாடம் 1580-களில் எழுந்தது. சான்-தெகோனெக் மாடம் 1676-ல் தொடங்கியது.

லா ரோஷ்-மோரிஸ் ஊரின் 1639-ஆம் வருஷத்து மாடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் புனித நீர்த்தொட்டி. அதற்கு மேலே அங்கூ, பிரெட்டன் மக்களின் சாவுத் தூதன், ஈட்டியைப் பிடித்து நிற்கிறான். பக்கத்தில், “உங்கள் எல்லாரையும் கொல்கிறேன்” என்ற வாசகம். கூடவே உழவர், பெண், வழக்கறிஞர், பிஷப், ஏழை, பணக்காரர் என்று வரிசையாக உருவங்கள். தண்ணீர் தொடக் கை நீட்டுகிற எவரும் அவனைப் பார்க்காமல் தப்ப முடியாது.

அப்புறம் கல்லறைகள் ஊருக்கு வெளியே போயின. பெரும்பாலான மாடங்கள் காலியாயின. வழிகாட்டிகள் முகப்புச் சிற்பத்தோடு நிறுத்திவிடாமல், உள்ளே இருந்த ஊர்க்காரர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.