கோமேர் பேச ஆரம்பித்தபோது

(சபை வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்' நாவலை வாசித்தவர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாகத் தங்களுக்குள் ஒரு வழக்கு நடத்தி வருகிறார்கள். இன்று அந்த வழக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இங்கே பலர் இதை ஆங்கிலத்தில் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1850, கலிபோர்னியா. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1848 ஜனவரியில், கொலோமாவில் இருந்த ஒரு மர அறுவை ஆலையில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் தங்கத் துணுக்குகளைக் கண்டெடுத்தார். செய்தி பரவியதும் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத ஊர்கள் அவை. அப்படி ஒரு சுரங்க ஊரின் விபசார விடுதியில் ஏஞ்சல் இருக்கிறாள். எட்டு வயதில் விற்கப்பட்ட குழந்தை அவள். வாங்கியவனிடமிருந்து தப்பிக் கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தும், வேறொருவர் கையில்தான் சிக்கியிருக்கிறாள். மைக்கேல் ஓசியா என்ற விவசாயி அவளைத் தெருவில் பார்க்கிறான். நீ மணக்க வேண்டியவள் இவள்தான் என்று கடவுள் சொல்வது அவன் காதில் விழுகிறது. விடுதிக்குப் பணம் கட்டி உள்ளே போய், அவளைத் தொடாமல் பேசிவிட்டு வருகிறான். அவள் மசியவில்லை. கடைசியில் விடுதியின் காவல்காரன் அவளைச் சாகும் அளவுக்கு அடித்துப் போட்ட நிலையில், அவளைக் கல்யாணம் செய்து வண்டியில் ஏற்றித் தன் பண்ணைக்குக் கொண்டுபோகிறான். அவள் ஓடிப்போகிறாள். அவன் கூட்டி வருகிறான். மறுபடி ஓடுகிறாள், மறுபடி கூட்டி வருகிறான்.

இது எந்தக் கதை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம். ஒரு சோர ஸ்திரீயைச் சேர்த்துக்கொள் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார், அவர் கோமேர் என்ற பெண்ணை மணக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார். அது கோமேர்தான் என்று படிப்பதே வழக்கம். நாவலாசிரியர் அந்தக் கதையைத் தங்கவேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

ரிவர்ஸ் 1986இல் விசுவாசத்துக்கு வருவதற்கு முன்பு சாதாரணக் காதல் நாவல்கள் எழுதியவர். மனமாற்றத்துக்குப் பிறகு எழுதிய இந்த நாவலை 1991இல் பாண்டம் என்ற பொதுப் பதிப்பகம்தான் வெளியிட்டது. 1997இல் அவர் அதைத் திருத்தி, மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் மூலம் மறுபடி கொண்டுவந்தார். இன்று கையில் கிடைப்பது அதுதான். ஆண்டவர் தன்னிடம் எப்படி நடந்துகொண்டாரோ அதைக் கதையாக்கிய ஒரு பெண்ணின் புத்தகம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் வாசகர்கள் இதைப் பற்றிப் பேசும் தொனி புரியும்.

பிடித்தவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பாத்திரங்கள் நன்றாக வந்திருக்கின்றன, நடை பிரமாதம் என்றெல்லாம் அவர்கள் ஆரம்பிப்பதில்லை. "இந்தப் புத்தகம் படித்த பிறகுதான் ஆண்டவர் என்னை நேசிக்கிறார் என்று நம்பினேன்" என்கிறார்கள். அது சபையில் எழுந்து நின்று சொல்லும் சாட்சி. பலருக்கும் பிடித்த ஓர் இடம் உண்டு. ஏஞ்சல் இரவோடு இரவாகக் கிளம்பி நடக்கிறாள். மைக்கேல் அவளை ஒரு குன்றுக்கு அழைத்துப்போய்ச் சூரிய உதயத்தைக் காட்டி, உனக்கு நான் கொடுக்க விரும்பும் வாழ்க்கை இதுதான் என்கிறான். அவனிடத்தில் கிறிஸ்துவையும் அவளிடத்தில் தங்களையும் வைத்து அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் ஏராளம். நமக்கு இதற்கு மேல் அழகு கிடையாது என்று நம்பவைக்கப்பட்ட பெண்களுக்கு, உன் கடந்த காலம் எனக்குத் தடையில்லை என்று ஒரு குரல் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். அதை அசட்டு உணர்ச்சி என்று தள்ளிவிடும் விமர்சகர்கள் இந்தப் புத்தகம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்கவே இல்லை.

சரி, எதிர்த் தரப்பைப் பார்ப்போம். அவர்களிலும் விசுவாசிகள் நிறையப் பேர். வீட்டில் அடி வாங்கியவர்கள், சிறு வயதில் கெடுக்கப்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இதுதான்: அடிபட்டு அரைநினைவில் கிடக்கும் பெண்ணிடம் வாங்கிய சம்மதம் சம்மதமா? அவள் கேட்காமலேயே மைக்கேல் அவளுக்கு ஒன்று மாற்றி ஒன்றாகப் பெயர் வைக்கிறானே, அது எதற்கு? போக வேண்டும் என்று அவள் சொன்ன பிறகும் தேடிப் போய்க் கூட்டி வருவது அன்பா? ஒரு கட்டத்தில் கோபத்தில் அவன் கிட்டத்தட்ட அவளை அடிக்கும் நிலைக்கு வருகிறான். கடவுளின் அன்புக்கு அடையாளமாக நிற்பவன் அப்படி வந்து நின்றால், வீட்டில் அதே கோபத்தோடு நிற்கும் புருஷனைப் பார்த்து ஒரு பெண் என்ன நினைப்பாள்?

இந்தக் கேள்விகளை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடக் கூடாது. நாவலில் கடவுளின் குரல் நேரடியாக வசனமாகவே வருகிறது. மைக்கேல் கேட்கிறான், கடவுள் பதில் சொல்கிறார். அப்படி எழுதிவிட்டால் மைக்கேலின் முடிவை யாரும் தட்டிக்கேட்க முடியாது. "ஆண்டவர் என்னிடம் சொன்னார்" என்று சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஆண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கதைக்குள் அந்தக் குரல் உண்மை, வெளியே அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாசகர்கள் பயப்படுவது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

மூலப் புத்தகத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ஓசியா இரண்டாம் அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். "அவளோடே பட்சமாய்ப் பேசுவேன்" என்ற அருமையான வசனத்துக்கு வந்து சேருவதற்கு முன்னால், அவளை நிர்வாணமாக்குவேன், அவள் வழியை முள்ளுகளால் அடைப்பேன் என்று வருகிறது. ரெனிடா வீம்ஸ் என்ற கறுப்பின வேதாகம அறிஞர் 1995இல் தீர்க்கதரிசிகளின் இந்தத் தாம்பத்திய உருவகங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். புருஷனின் வன்முறையைக் கடவுளின் கோபத்துக்கு உருவகமாக வைத்தால், அதைக் கேட்கும் பெண்களுக்கு என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. எந்த அறிஞரையும் படிக்காத வாசகிகள், ஒரு காதல் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இன்னொரு விஷயம். ஓசியா புத்தகத்தில் கோமேர் தன் வாயால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டாம் அதிகாரத்தில் அந்த மனைவியின் பேச்சாக வருவதெல்லாம் அவள் இப்படிச் சொல்கிறாள் என்று மற்றவர் சொல்வதுதான். பிள்ளைகளுக்கு யெஸ்ரயேல், லோருகாமா, லோகம்மீ என்று பெயர் வைக்கிறார்கள். தாயின் கருத்தை யாரும் கேட்கவில்லை. அவள் ஏன் போனாள், திரும்பி வந்தபோது என்ன நினைத்தாள் என்று நமக்குத் தெரியாது.

ரிவர்ஸ் அவளுக்கு ஒரு குரல் கொடுத்தார். நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். முதல் பாதியில் ஏஞ்சலின் பேச்சு முழுக்கக் கசப்பு. மைக்கேலின் கடவுளை அவள் நம்பவில்லை, கடவுள் என்ற ஒருவர் இருந்தால் எட்டு வயதில் எங்கே போனார் என்ற கோபம் அவளுக்குள் கிடக்கிறது. ஆசிரியர் அந்தக் கோபத்துக்கு அவசரமாகப் பதில் சொல்லவில்லை. அப்புறம் கடைசி முறை அவள் வீட்டை விட்டுப் போகிறாள் பாருங்கள், அந்த இடத்தை இரண்டு தரப்பும் வேகமாகத் தாண்டிவிடுகிறது. முன்னே போனதெல்லாம் பயத்தினால். இந்த முறை அவனை நேசிப்பதால் போகிறாள். தனக்குக் குழந்தை பிறக்காது என்று நினைக்கிறாள். அவன் பக்கத்துக் குடும்பத்து மிரியத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு இருக்கட்டும் என்று விலகுகிறாள்.

மைக்கேல் இந்த முறை தேடிப் போகவில்லை. மூன்று வருடம் காத்திருக்கிறான். வேதத்தில் ஓசியா போய் விலை கொடுத்துக் கொண்டுவருகிறார். நாவலில் அவன் வீட்டில் இருக்கிறான். அவள் சான்பிரான்சிஸ்கோவில் சமையல் வேலை பார்க்கிறாள். சிறு வயதில் அவளை வாங்கியவன் கையில் மறுபடி மாட்டுகிறாள். கூட்டத்துக்கு முன்னால் அவன் அவளை மேடையில் நிறுத்தும்போது, 'ராக் ஆஃப் ஏஜஸ்' கீர்த்தனையைப் பாடுகிறாள். அங்கே அடைபட்டிருந்த சிறு பெண்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறாள். அவள் விசுவாசத்துக்கு வருவது புருஷன் பக்கத்தில் இல்லாத அந்தக் காலத்தில்தான். தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு புகலிடம் தொடங்கி நடத்துகிறாள். கடைசியில் திரும்பிப் போவது அவளே எடுக்கும் முடிவு. அதுவரை யாருக்கும் சொல்லாத சாரா என்ற தன் சொந்தப் பெயரை அவளே மைக்கேலிடம் சொல்கிறாள்.

ஆசிரியர் மூலக்கதையை இந்த இடத்தில் மீறியிருக்கிறார். மைக்கேல் கிறிஸ்துவின் சாயல் என்று சொல்லிப் புகழ்பவர்களும், அவன் அடக்கி ஆள்பவன் என்று சொல்லித் திட்டுபவர்களும் முதல் இரண்டு திரும்புதல்களைத்தான் பேசுகிறார்கள். மூன்றாவதை வைத்து முதல் இரண்டைப் படித்தால் புத்தகம் வேறு மாதிரித் தெரிகிறது. கிருபை ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வர முடியாது என்பதை மைக்கேலும் கற்றுக்கொள்கிறான். அதனால் முன்னே அவன் செய்ததெல்லாம் சரியாகிவிடாது. அரைநினைவுக் கல்யாணத்தை நாவல் எங்கேயும் திரும்பிப் பார்த்து வருந்தவில்லை என்பது என் கருத்து, அந்தக் குறையில் நான் எதிர்த் தரப்போடு நிற்கிறேன்.

பால் விஷயத்திலும் அப்படித்தான். பால் மைக்கேலின் மைத்துனன். தப்பிப் போக வண்டி கேட்ட அவளிடம் கூலியாக அவள் உடம்பைக் கேட்டவன். பிறகு வருடக்கணக்கில் அவளைக் கேவலமாகப் பார்த்தவன். கடைசியில் மனந்திரும்பி அவளைத் தேடிக் கண்டுபிடிப்பது அவன்தான், மிரியத்தைக் கல்யாணம் செய்வதும் அவன்தான். அவள் செய்ததாகச் சொல்லப்படும் பாவத்துக்கு நானூறு பக்கம் கண்ணீர், அவன் செய்ததற்குச் சில பக்கம். இந்தக் கணக்கு சரியில்லை என்று கோபப்படும் வாசகிகளுக்கு யாரும் சரியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம், கிறிஸ்தவப் புத்தகத்தில் இவ்வளவு படுக்கையறை எதற்கு என்கிறது. 2022இல் டி. ஜே. கரூசோ இயக்கத்தில் படமாக வந்தபோது அந்த வாக்குவாதம் இன்னும் பெரிதானது. இதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. குழந்தையை விற்பதைப் பற்றி எழுதும் புத்தகம் சுத்தபத்தமாக இருக்க முடியாது.

எனக்கு அதைவிடக் கனமாகத் தெரியும் கேள்வி, இந்த வகை நாவல்களில் யார் பேசவே இல்லை என்பது. தங்கவேட்டை தொடங்கியபோது கலிபோர்னியாவில் சுமார் ஒன்றரை லட்சம் பூர்வகுடி மக்கள் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். 1870க்குள் அது சுமார் 30,000 ஆகிவிட்டது. நோய், பட்டினி, அடிமை வேலை, நேரடிக் கொலை. மைக்கேலின் அழகான பண்ணை அந்த மண்ணில்தான் இருக்கிறது. நாவலுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

இது ஒரு புத்தகத்தோடு நிற்கவில்லை. 2021இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம், சமயக் கூறுள்ள சிறந்த நாவல் என்று ஒரு கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவலுக்கு விருது கொடுத்தது. அதன் நாயகன் 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்ற குதிரைப்படையில் இருந்தவன். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடம் அது. நாயகன் மனம் வருந்துகிறான், ஜெபிக்கிறான், கதை அவனுடைய காதலை நோக்கி நகர்கிறது. வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்துப்போய்க் கேள்வி எழுப்பினார்கள். சங்கம் முதலில் விருதை நியாயப்படுத்தியது, சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது இன்னொரு பக்கத்திலிருந்து வந்த பதில், கொலைகாரனுக்கும் மன்னிப்பு உண்டு என்பதுதானே சுவிசேஷம் என்பது. உண்டுதான். பவுல் யார்? ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களைக் காவல் காத்தவர். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் ஸ்தேவானுக்கு ஒரு முழு அதிகாரம் பேச இடம் கொடுத்துவிட்டுத்தான் பவுலின் மனமாற்றத்துக்கு வருகிறது. செத்தவர்கள் அங்கே ஊமையாக இல்லை. லகோட்டா தாய்மாருக்கு அந்த நாவலில் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் வாசகர்களின் புகார், அது வேதத்துக்கு ரொம்ப நெருக்கமான புகார்.

போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார், பதினாறு வயது மகளுக்கு 'ரிடீமிங் லவ்' கொடுக்கலாமா என்று. குழந்தை விற்பனை, கட்டாயக் கருக்கலைப்பு, தகப்பனிடமே பழிவாங்கும் ஒரு பயங்கரமான பகுதி, எல்லாம் அதில் இருக்கிறது. பதினாறில் வேண்டாம் என்பது என் கருத்து, இரண்டு வருடம் போகட்டும். கொடுக்கும்போது நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். சூரிய உதயம் பிடித்ததா என்று கேளுங்கள். அப்புறம் மைக்கேல் செய்ததில் எது உனக்குச் சரியாகப் படவில்லை என்றும் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைத் திருத்த அவசரப்படாதீர்கள், முழுசாகப் பேசி முடிக்க விடுங்கள்.