எலி தின்ற கஞ்சாவும் அரசு தின்னும் வரியும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டார்கள்: "கஞ்சாவுக்கு ஆதரவாப் பேசப் போறீங்களா, எதிர்த்தா?" ரெண்டும் இல்லை என்றேன். "அப்போ உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க?" நியாயமான கேள்விதான்.

கஞ்சாவை அனுமதித்து மதுவைப் போல வரி போடலாமா என்பது தலைப்பு. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புகைக்கிறவனை ஜெயிலில் போடலாமா என்பது ஒன்று. அதை விற்றுக் காசு பார்க்கும் வேலையில் அரசு இறங்கலாமா என்பது இன்னொன்று. போதைப்பொருள் வழக்குகளில் வருடக்கணக்காக ஆஜராகி வருகிறவன் என்ற முறையில், இரண்டுக்குமே என் பதில் 'கூடாது' என்பதுதான்.

வரி போடுவது நமக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சா கலால் துறையின் வருமானங்களில் ஒன்று. இந்தியப் பைத்தியக்கார விடுதிகளெல்லாம் கஞ்சாவால் நிரம்பி வழிகின்றன என்று லண்டனில் பேச்சுக் கிளம்ப, 1893இல் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அந்தக் குழு ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்தது. விடுதிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கதை வெளியே வந்தது. நோயாளியை அனுப்பும்போது படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட முடியாது. ஆள் எப்போதோ கஞ்சா குடித்ததாக யாராவது சொல்லியிருந்தால் போதும், 'கஞ்சா' என்று எழுதிக் கட்டத்தை நிரப்பிவிடுவார்கள். அந்தக் கட்டங்களைக் கூட்டித்தான் புள்ளிவிவரம் வந்தது! நம் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அளவோடு எடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் போதும் என்று குழு சொன்னது. அதை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் சரக்கின் வீரியம் அன்று சிலும்பி என்ற புகைக்குழலில் போட்டு இழுத்த கஞ்சாவில் கிடையாது. பதின்வயதில் தொடங்கித் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுதல் என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. செடிதானே, மூலிகைதானே, சிவமூலிகை என்று பெயரே இருக்கிறதே என்கிறார்கள். விஷ ஊமத்தையும் செடிதான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பல மாநிலங்களில் லைசென்ஸ் கடைகள் நடந்தன. போதைப்பொருள் பற்றிய 1961இன் ஐ.நா. ஒப்பந்தம், கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த 25 வருட அவகாசம் கொடுத்திருந்தது. அது முடிகிற நேரத்தில், 1985இல், இப்போதுள்ள போதைப்பொருள் சட்டம் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. தனி இலை அதில் சேராது. அதனால் அந்த இலையை அரைத்துச் செய்கிற பாங்கு என்ற பானத்தை, வாராணசியில் அரசு அனுமதி பெற்ற கடையில் நீங்கள் சாவகாசமாக நின்று குடிக்கலாம். ஒரே செடி: இலை என்றால் லைசென்ஸ், பூ என்றால் லாக்கப்.

ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓர் ஆண்டு வரை தண்டனை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம், ஜாமீன் குதிரைக்கொம்பு. பத்து வருடம் போகிறவன் யார் என்று பாருங்கள். ஆந்திர-ஒடிசா மலைப்பக்கத்திலிருந்து ரயிலில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற கூலி ஆள். பையைக் கொடுத்தனுப்பியவனை நான் ஒரு வழக்கில்கூடக் கூண்டில் பார்த்ததில்லை. 2023இல் சென்னையில் ஒரு கஞ்சா வழக்கில் இரண்டு பேர் விடுதலையானார்கள். பிடித்த 22 கிலோவில் மாதிரிக்கு எடுத்தது போக மீதியை எலி தின்றுவிட்டது என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்த எலிகளுக்கும் வணிக அளவுப் பிரிவு பொருந்துமா என்று எங்கள் வக்கீல்கள் அறையில் ஒரு வாரம் விவாதம் நடந்தது.

சரி, அப்படியானால் கடை திறந்துவிடலாமே? இங்கேதான் 'மதுவைப் போல' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. மது நம் ஊரில் என்ன ஆனது? 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 74இல் திரும்பி வந்து, 81இல் மறுபடியும் போனது. விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் போகவில்லை. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. இன்று அதில் வருகிற வரி வருடத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023இல் 500 கடைகளை மூடினார்கள், வருமானம் அசையவில்லை. குடிகாரன் கைநடுக்கத்தைப் பார்த்திருக்கிறோம். பட்ஜெட்டுக்கும் கை நடுங்கும்.

கடை திறந்தால் கள்ளச்சரக்கு ஒழிந்துவிடும் என்கிறார்கள். ஊர் ஊராக டாஸ்மாக் இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பாக்கெட் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். கூலி வாங்கிய கையில் இருந்த காசுக்கு பாக்கெட்தான் எட்டியது. கஞ்சாவுக்கும் இதே கணக்குதான். கலிபோர்னியா 2018இல் கடை திறந்து வரிமேல் வரி போட்டது. திருட்டுச் சந்தை படுக்கவில்லை. 2022இல் சாகுபடி வரியையே எடுத்துவிட்டார்கள்.

தாய்லாந்து இன்னொரு பாடம். 2022 ஜூனில் போதைப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள், ஒழுங்குபடுத்தச் சட்டம் கையில் இல்லாமலே. தெருவுக்குத் தெரு கடை. 2025இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடையாது என்று திரும்பிவிட்டார்கள்.

நான் பார்த்தவரை கொஞ்சம் யோசித்துச் செய்தவர்கள் உருகுவே நாட்டுக்காரர்கள். 2013இல் சட்டம், 2017இல்தான் விற்பனை, அதுவும் மருந்துக்கடையில். பெயர் பதிய வேண்டும், விரல்ரேகை வைக்க வேண்டும், மாதத்துக்கு 40 கிராம்தான். விளம்பரம் கிடையாது. விலையைத் திருட்டுச் சந்தையை ஒட்டியே வைத்தார்கள். கஜானாவை நிரப்பும் எண்ணம் முதலிலிருந்தே இல்லை. ஜெர்மனி 2024இல் வயதுவந்தவர் 25 கிராம் கையில் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம் என்றது. கடை விற்பனைக்கு மட்டும் இடம் தரவில்லை. ஜெயிலுக்கும் கடைக்கும் நடுவில் இத்தனை இடம் இருக்கிறது. நாம்தான் இரண்டு முனையில் நின்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

நம் சட்டத்திலேயே, சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிற போதை அடிமையை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அதைக் கேட்டு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாலிடெக்னிக் மூன்றாம் வருடம், சட்டைப்பையில் இரண்டு பொட்டலம். அவன் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தபோது குற்றப்பத்திரிகை நகலோடு அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். "இதை ஜட்ஜு கிட்ட காட்டுவீங்களா சார்?" என்றார். கணக்கில் 96. அதைக் காட்ட நம் நடைமுறையில் இடமில்லை என்று நான் சொல்லவில்லை, வழக்குக் கட்டுக்குள் வைத்துக்கொண்டேன். நடுவில் வந்த ஒரு கம்பெனி வேலை போலீஸ் சரிபார்ப்பில் நின்றுபோனது. வழக்கு இன்னும் வாய்தாவில்தான் ஓடுகிறது. அடுத்த வாய்தா வருகிற வியாழக்கிழமை. மார்க் ஷீட் என் வழக்குக் கட்டுக்குள்தான் இருக்கிறது.