தண்ணீர்த் துளியும் பீரங்கிக் குண்டும்

வணக்கம் நேயர்களே. இரண்டாம் பாகம் என்றாலே எனக்கு ஒரு பயம் உண்டு. முதல் பாகத்தில் தட்டுத்தடுமாறிய ஆள் கடைசியில் வீரனாகிவிடுகிறான், சரி, அப்புறம்? வித்தை கைவந்தவனை வைத்துக்கொண்டு இன்னொரு ஒன்றரை மணி நேரம் என்ன செய்வது? 2008-இல் வந்த ‘குங்ஃபூ பாண்டா’ என்ற அனிமேஷன் படத்துக்கு 2011-இல் ஜெனிஃபர் யூ நெல்சன் இயக்கிய அடுத்த பாகத்தையும் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன்.

அவர்கள் பிடித்த வழி எளிது. போ என்கிற அந்தக் குண்டுப் பாண்டாவுக்குச் சண்டை தெரியும், தான் யார் பெற்ற பிள்ளை என்று தெரியாது. வளர்த்த அப்பா நூடுல்ஸ் விற்கும் வாத்து! முதல் படத்தில் சிரித்துவிட்டுக் கடந்துபோன விஷயம், இங்கே அதுவே கதை.

வில்லன் ஷென் ஒரு வெள்ளை மயில். வாணவேடிக்கைக்கு என்று இருந்த வெடிமருந்தைப் பீரங்கியில் அடைத்து, இனிமேல் குங்ஃபூவுக்கு வேலையே இல்லை என்கிறான். அவன் சண்டை போடும்போது தோகை விசிறியாக விரிந்து எதிராளியின் கண்ணை மறைக்கும், அந்த மறைவிலிருந்து கத்தி பறந்து வரும். மயிலாக இருப்பதால்தான் அவனுக்கு அப்படிச் சண்டை போட வருகிறது, இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது அந்தத் தண்ணீர்த் துளி. படத் தொடக்கத்தில் போவின் குரு ஷிஃபு ஒரு துளியைக் கையில் ஏந்தி, உடையாமல் உருட்டி, ஒரு செடியில் விடுகிறார். இதைப் பார்த்த என் அக்கா மகன் குளியலறைக் குழாயடியில் அரை மணி நேரம் நின்றான், ஒரு துளிகூட நிற்கவில்லை, சட்டை முழுக்க ஈரம், திட்டு வாங்கியது நான். துவட்டிக்கொண்டே கேட்டான்: “மாமா, துளியே நிக்கலையே, கடைசிச் சண்டையில போ பீரங்கிக் குண்டை மட்டும் எப்படிப் பிடிக்கிறான்?” நல்ல கேள்வி! பிடிக்கவில்லையடா என்றேன். வருகிற வேகத்தை எதிர்க்காமல், கூடவே ஒரு வட்டம் சுழன்று வேறு பக்கம் திருப்பிவிடுகிறான், தாய்ச்சி என்கிற சீனத் தற்காப்புக் கலையில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். போவுக்கும் அந்தத் துளி முதலில் வசப்படவில்லை. தான் பிறந்த, இப்போது பாழடைந்த ஊரில், அம்மா தன்னை முள்ளங்கிப் பெட்டியில் ஒளித்துவைத்த நினைவு முழுசாகத் திரும்பும் நேரத்தில், மழைத்துளி தானாகக் கையில் உருள்கிறது. அந்த நினைவுக் காட்சிகளைத் தட்டையான கைவரைபடம் மாதிரியே வரைந்திருப்பார்கள், அதைப் பற்றித் தனியாகவே...

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். குறைகளைச் சொல்லாமல் போனால் தப்பு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போவோடு சேர்ந்து சண்டை போடும் ஐவர் படையில் பெண்புலி டைக்ரஸைத் தவிர மற்ற நால்வரும் வெறும் கூட்டம். ஷிஃபுவுக்கு வேலை கம்மி. கனமான இடங்களில் ஒரு நகைச்சுவை வந்து விழுந்து, நமக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும்விட அந்த முடிவு: நான் உங்கள் மகன்தான் என்று வாத்து அப்பாவிடம் போ சொல்லி முடிக்கிறான், நமக்குக் கண் கலங்குகிறது, உடனே எங்கோ ஒரு மலைக் கிராமத்தில் பெற்ற அப்பா உயிரோடு இருக்கிறார் என்று காட்டிவிடுகிறார்கள். மூன்றாம் பாகத்துக்குப் போட்ட முன்பணம்! அதை மட்டும் வெட்டியிருந்தால்... சரி, மணி அடித்துவிட்டது, வணக்கம்.